நைல் நதிக்கு அரை எச்.பி. மோட்டார்

புராஜெக்ட் அப்பா என்று ஓர் இனம் உண்டு. காட்டுக்குள் போய்த் தேட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் கண்காட்சி என்று பிள்ளைகள் வீட்டில் வந்து சொன்ன அன்று சாயங்காலம், பக்கத்து ஸ்டேஷனரிக் கடைக்குப் போய் நின்றால் போதும். பிள்ளையை பைக்கிலேயே உட்காரவைத்துவிட்டு, தெர்மாகோல் அட்டையைத் தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, இதைவிடக் கனமாக இல்லையா என்று கடைக்காரரைப் பாடாய்ப்படுத்தி, இருப்பதிலேயே பெரிய அட்டையை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, காற்று இழுக்கிற பக்கமெல்லாம் இழுபட்டுக்கொண்டே ஒருவர் வெளியே வருவார். அவர்தான். கண்காட்சி பிள்ளைக்கு. அட்டை இவருக்கு.

பேச்சை வைத்தும் இவரை அடையாளம் காணலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், "அவளுக்குக் காய்ச்சல்" என்பார். பரீட்சை வந்தால், "அவளுக்குப் பரீட்சை" என்பார். புராஜெக்ட் வந்தால் மட்டும், "நமக்கு என்ன டாபிக் குடுத்திருக்காவ?"

ராஜபாளையத்தில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கும் கிளாட்வின் இந்த இனத்தின் நல்ல மாதிரி. அவர் மகள் அக்சா ஒன்பதாம் வகுப்பு. இந்த வருடம் அவர்களுக்கு வந்த டாபிக், ஆற்றங்கரைகளில் ஆதி நாகரிகங்கள் தோன்றிய விதம். அக்சாவுக்கு நைல் நதி. ஜெயிக்கிறவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கும் பெரிய கண்காட்சியில் இடம்.

அக்சாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரைவிட முக்கியமான காரியம் ஒன்று இருந்தது. போன வருடம் அப்பா செய்த எரிமலைக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். நடுவர் என்ன கேட்டாலும் பின்னாலிருந்து அப்பாவே பதில் சொன்னார். அவள் வாயைத் திறந்தது கொட்டாவிக்கு மட்டும். அன்று முதல் வகுப்பில் அவளுக்கு எரிமலை வாட்ச்மேன் என்று பெயர். அந்தப் பெயரை இந்த வருடம் தொலைத்தாக வேண்டும். அதற்கு அவளே செய்ய வேண்டும், அவளே பேச வேண்டும்.

"இந்த வருசம் நானே செய்யட்டுமாப்பா?"

"நீதாம்மா செய்யப் போற. நான் சும்மா கூட நிக்கேன்."

சும்மா கூட நிற்பது என்றால் என்ன தெரியுமா? மறுநாள் விடியற்காலையில் கிளாட்வின் சாக்கோடு மலையடிவாரத்தில் இருக்கும் செண்பகத்தோப்பு ஓடைக்குக் கிளம்பினார். நைல் கரைக்கு வண்டல் மண் வேண்டுமாம். மண்ணோடு திரும்பும்போது வனத்துறைக் காவலர் ஒருவர் மறித்து, சாக்கில் என்ன என்று கேட்டார். எகிப்து என்றார் கிளாட்வின். காவலர் சாக்கை அவிழ்த்துப் பார்த்தார். அப்புறம் கிளாட்வினை ஏற இறங்கப் பார்த்தார். "எகிப்துல மண்ணு இல்லைன்னா எங்க ஓடையில வந்து அள்ளுவீயளா? எங்க எடுத்தீயளோ அங்கயே கொட்டிட்டுப் போங்க" என்றார். கொட்டியது போக, செருப்பில் ஒட்டியிருந்ததை வீட்டுக்கு வந்து பத்திரமாகச் சுரண்டி எடுத்தார்.

அடுத்து மம்மிகள். சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி ஒரு கட்டு வந்தது. சுற்றிய ருசியில் வீட்டில் கை கால் உள்ளது எதையும் அவர் விடவில்லை. அவர் மனைவி இவாஞ்சலின், தங்கச்சி மகளின் பிறந்தநாளுக்கு வாங்கி வைத்திருந்த பொம்மையைத் தேடிப் பிடித்தபோது, அது மூக்கு மட்டும் தெரிய அரசகுல வரிசையில் மூன்றாவதாகப் படுத்திருந்தது.

"எகிப்துலகூட செத்த பொறவுதான் சுத்துனாவ. நீங்க பெட்டியில இருந்து எடுத்ததுமே சுத்திட்டீய" என்றாள் இவாஞ்சலின்.

அக்சாவுக்கு வேலையே தரவில்லை என்று சொல்லக் கூடாது. பெவிகால் டப்பாவைப் பிடித்துக்கொள்ளும் வேலையைத் தந்திருந்தார். மூடியும் அவள் பொறுப்புதான்.

இப்படியே போயிருந்தால் ஒன்றும் இல்லை. ஆனால் அக்சா பாடப்புத்தகத்தைப் படித்திருந்தாள். இந்த இனத்து அப்பாக்களின் பிள்ளைகள் செய்யக் கூடாத காரியம் அது. அப்பா பலகையின் மேல்பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தி, மேலிருந்து கீழே நைல் ஓடுவதற்கு வாய்க்கால் வெட்டி, பிரமிடுகளை ஒட்டி முடித்த நேரத்தில், நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிற நதி, படத்தில் கடல் மேல்பக்கம் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள்.

கிளாட்வின் சிரித்தார். தண்ணீரைப் பற்றி அவருக்கே பாடமா? செண்பகத்தோப்பில் பெய்கிற மழை கீழே வராமல் மேலேயா போகிறது? வத்திராயிருப்பு வரைக்கும் எத்தனை கிணற்றில் மோட்டார் இறக்கியிருக்கிறார்? அக்சா வரைபடத்தைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார். நதி வடக்கேதான் ஓடியது.

"செங்கலை எடுத்து இந்தப் பக்கம் வச்சாப் போதும்பா. தெக்கு மேடாயிரும்" என்றாள் அக்சா.

"பிரமிடெல்லாம் ஒட்டியாச்சு. இனிப் பலகையை அசைச்சா விட்டுப்போவும்" என்றார் அவர். செங்கலையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் வந்தால் வீட்டில் உள்ளவர்கள் பயப்படுவார்கள்.

"மோட்டார் வச்சு ஏத்திருவோம்."

உலகத்தில் மோட்டார் வைத்து மேட்டில் ஏற்றப்பட்ட முதல் நைல் அதுவாகத்தான் இருக்கும். அரை எச்.பி. ஏனென்றால் கடையில் அதைவிடச் சின்னது இல்லை.

கண்காட்சி நாளில் பிள்ளைகள் வராந்தாவில் நின்றார்கள், அப்பாக்கள் உள்ளே நின்றார்கள். மில் எலக்ட்ரீசியன் வைகுண்டராஜ், யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆறுகளைத் தன் மகனுக்காகக் கொண்டு வந்திருந்தார். கட்டட மேஸ்திரி பாண்டிச்செல்வம், மகளுக்காகச் சிந்துவெளிப் பெருங்குளத்தை நிஜச் செங்கலிலேயே கட்டிக் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்திருந்தார். எல்லாம் சரி. அறையில் இருந்தது ஒரே குழாய்.

கிளாட்வின் முதலில் ஹோஸை மாட்டினார். "அண்ணாச்சி, எனக்கு ரெண்டு ஆறு. எனக்கு ரெண்டு பங்கு வேணும்" என்றார் வைகுண்டராஜ். குளமும் சாக்கடையும் சேர்த்துக் கட்டியிருப்பதால் தனக்கும் ரெண்டுதான் என்று பாண்டிச்செல்வம் வாதாடினார். ஒருவர் ஹோஸை ஒருவர் பிடுங்கினார்கள். சட்டையெல்லாம் நனைந்த பிறகு உட்கார்ந்து பேசினார்கள். முறை வைத்துத் தண்ணீர் விடுவது என்று முடிவானது. எந்த ஆறு எத்தனை வாளி பிடித்தது என்பதற்கு வைகுண்டராஜ் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். எல்லைக்குத் தரையில் ஒரு கோடு. முறை தவறினால் மற்ற இருவருக்கும் டீ. குரல் பெரிதாக இருந்ததால் பாண்டிச்செல்வம் குழாய்க்குத் தலைவர் ஆனார், ஆனதும் தனக்கு மட்டும் நாற்காலி கேட்டார். மனிதகுலம் ஆயிரக்கணக்கான வருடங்கள் பாடுபட்டுச் செய்ததை, இந்த மூவரும் காலையில் தின்ற இட்லி செரிப்பதற்குள் செய்து முடித்தார்கள்.

அக்சா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுவராக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஹெப்சிபா டீச்சர் வந்தார். பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்கள். டீச்சர் நைல் அருகே வந்து நின்று, அக்சாவைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் கிளாட்வின், வருடாவருடம் நைலில் வரும் வெள்ளத்தைக் காட்டுகிறேன் என்று வால்வை முழுதாகத் திறந்துவிட்டார்.

நைல் மேட்டில் ஏறியது. கடலையும் தாண்டி ஏறியது. அதோடு நில்லாமல் மேசையை விட்டுக் குதித்துச் சிந்துவெளிக்குள் போய் விழுந்தது. நாலாயிரம் வருடம் நிற்கும் என்று பாண்டிச்செல்வம் சொல்லிக்கொண்டிருந்த பெருங்குளத்தின் சுவர், அவர் கண்ணெதிரே சாய்ந்தது. மம்மிகள் மிதந்தன. மூன்றாவது அரசருக்குப் பேண்டேஜ் அவிழ்ந்து, மஞ்சள் முடியும் ரோஸ் கவுனும் வெளியே வந்தன.

வைகுண்டராஜ் பாய்ந்து மோட்டாரை நிறுத்தினார். டீச்சர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நைல்ல வெள்ளம் வரும், எனக்குத் தெரியும். சிந்துவுல வந்து கலக்கும்னு இப்பத்தான் பார்க்கேன். இது யாரு செஞ்சது?" என்று கேட்டார்.

எந்தக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்லும் கிளாட்வின் முதல்முறையாகக் கணக்குப் போட்டார். மகள் செய்தது என்றால் பழி மகளுக்கு. தான் செய்தது என்றால் மகளுக்குப் போட்டியில் இடம் இல்லை. இரண்டையும் மனத்துக்குள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்.

"எங்க அப்பா செஞ்சாவ டீச்சர்" என்றாள் அக்சா. "நான் செய்யலை. நான் பேசட்டுமா?"

ஆற்றங்கரையில் மட்டும் ஏன் நாகரிகம் வந்தது என்று டீச்சர் கேட்டார். வண்டல் மண்ணையும் விளைச்சலையும் மிஞ்சிய தானியத்தையும் பற்றி அக்சா சொன்னாள். எல்லாம் புத்தகத்தில் உள்ளதுதான். டீச்சர் தலையாட்டிவிட்டு நகரப் பார்த்தார். அக்சா அவசரமாகச் சுவரைக் காட்டினாள்.

"தண்ணியை ஒத்தை ஆளா ஆள முடியாது டீச்சர். பங்கு வைக்கணும். கணக்குப் போடணும். சண்டையைத் தீர்க்க ஒருத்தர் வேணும், அவருக்கு ஒரு நாற்காலி வேணும். அப்படித்தான் ஊரு, எழுத்து, ராசா எல்லாம் வந்திருக்கும். காலையில இருந்து இவிய மூணு பேரும் அதைத்தான் செஞ்சிருக்காவ. அந்தா பாருங்க, சுவத்துல எழுத்துகூட வந்திருச்சு."

டீச்சர் சுவரைப் பார்த்தார். தரையில் இருந்த எல்லையைப் பார்த்தார். நனைந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்வத்தைப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்குவதற்காக வெகுநேரம் இருமினார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அக்சாதான் போகிறாள். ஒரு நிபந்தனை: ஒரே ஒரு சார்ட் பேப்பர், அதையும் அவள் கையாலேயே வரைய வேண்டும். நமக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கிடைத்துவிட்டது என்று கிளாட்வின் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் அக்சா தரையில் படுத்து வரைந்தாள். கிளாட்வின் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். இவாஞ்சலின் சொல்லி அப்படி உட்கார்ந்தார். பென்சில் தெற்கிலிருந்து கிளம்பியது, கொஞ்சம் கிழக்கே போனது, நடுங்கியது, மேற்கே வளைந்தது. அவருக்கு வேர்த்தது.

"கோடு கோணுதேம்மா."

"ஆறு அப்படித்தாம்ப்பா போவும்."

அவர் இன்னும் அழுத்தி உட்கார்ந்தார். கை வெளியே வரவில்லை. அந்த மனிதரின் வாழ்க்கையிலேயே மிகக் கடினமான வேலை அதுதான், அதை அவர் செய்து முடித்தார்.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பென்சில் நடுங்கியதே, அப்போது அதை வாங்கி, சும்மா அந்த ஒரு வளைவை மட்டும் சரிசெய்து கொடுத்துவிடலாம் என்று உங்கள் விரல் துறுதுறுத்ததா? அப்படியானால் கையைத் தொடைக்கு அடியில் வையுங்கள். அம்மாக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.