வாடாத மிளகாய்

வாடவே கூடாத மிளகாய்ச் செடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் மிளகாய் மேடம் என்று கூப்பிடுகிற விஞ்ஞானி, வளர்ப்பறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அதை முறைத்தாள். நேற்று வரைக்கும் ஒப்புக்காவது நிமிர்ந்திருந்தது. நிதிக்குழு வருகிற இன்று பார்த்து, விருந்தாளி முன்னால் வீறிட்டு அழுகிற குழந்தை மாதிரி மானத்தை வாங்கியது.

பாலைவனப் புதர் ஒன்றிலிருந்து ஒரு மரபணுவை எடுத்து மிளகாய்க்குள் ஏற்றுவது அவள் வேலை. ஏறிவிட்டால் தண்ணீர் இல்லாவிட்டாலும், அனல் அடித்தாலும் செடி அசராது. ஆனால் மிளகாய் லேசில் மசிகிற ஜாதியில்லை. நூற்றுக்கணக்கான இலைத்துண்டுகளில் முயன்றதில் பிழைத்து வந்தது ஒன்றே ஒன்று. அது விரல் உயரம் இருந்தபோது சோதித்தாள். மரபணு உள்ளே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் சோதிக்கவில்லை. உரசிப் பார்த்து வாங்கிய தங்கத்தை யார் தினமும் உரசிக்கொண்டிருக்கிறார்கள்?

முதலில் சிங்கம் மாதிரிதான் நின்றது. போன வருஷம் வளர்ப்பறையின் ஏசி கெட்டுப்போய்ச் சரிசெய்ததிலிருந்துதான் மக்கர். ஒரு வேளை தண்ணீர் தவறினால் துவண்டது. இன்று குழுவுக்குப் பிடிக்காவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழா. மேடத்தின் வேலைக்கும்தான்.

அவள் கணவனுக்கு போன் போட்டாள். அவன் ஜவுளிக்கடைக்காரன். உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் கடையில் மருந்து உண்டு என்பது அவன் கட்சி.

"என்னங்க, செடி வாடிப் போச்சுங்க!"

"கூட்டமா இருக்கு, சீக்கிரம் சொல்லு. வாடிப் போச்சா? காய்கறிக் கடைக்காரன் என்ன பண்றான்? தண்ணி தெளிக்கிறான். தெளி."

"தண்ணி இல்லாம வளர்ற செடின்னுதானே நான் காட்டப் போறேன்?"

"அதை நீ காட்டு. தண்ணிய யாருக்கும் காட்டாத."

யாரும் பார்க்கவில்லை, ஏணி மேல் நின்று ஏசியைக் குடைந்துகொண்டிருந்த மெக்கானிக்கைத் தவிர. அவனும் பார்த்த வேகத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தெளிக்கப் போன மேடம் பதற்றத்தில் ஜாடி முழுவதையும் கவிழ்த்துவிட்டாள். செடி நிமிரவில்லை. சட்டி ஒழுகித் தரை முழுக்க ஓடியது. 'தண்ணீர் தேடாத மிளகாய்' என்று கொட்டை எழுத்தில் எழுதிய பலகை குளத்துக்கு நடுவே நின்றது.

தரையைத் துடைத்தாள். மண்ணைக் காயவைக்க ஹேர் டிரையரைப் பிடித்தாள். மண் சேறாகவே இருந்தது, இலைகள்தான் கருகிச் சுருண்டன.

"என்னங்க, இப்ப தலை தரையைத் தொடுதுங்க!"

"கடை பொம்மைக்குத் துணி மாட்டினா பின்னால குண்டூசி குத்தறோமில்ல? முன்னால பாக்கிறவனுக்குத் தெரியுமா? ஒரு குச்சிய முட்டுக் கொடு."

கண்ணாடிக் குச்சி ஒன்றை ஊன்றினாள். நூலால் கட்டினாள். இன்னும் கொஞ்சம் நிமிரட்டுமே என்று இழுத்தாள்.

மளுக்.

ஏணி மேலிருந்து மெக்கானிக் "ஐயோ!" என்றான். நாலு வருஷ உழைப்பு கையோடு வந்துவிட்டது.

"ஒடிஞ்சே போச்சுங்க" என்றாள். குரலும் ஒடிந்திருந்தது.

கணவன் முதல்முறையாகக் கொஞ்சம் யோசித்தான். "நம்மகிட்ட சரக்கு இல்லேன்னா பக்கத்துக் கடையில வாங்கி நம்ம பையில போட்டுக் கொடுப்பேன். மிளகாய்ச் செடிக்கு நெத்தியிலயா எழுதியிருக்கு?"

"அது மோசடிங்க!"

"அப்ப ஒடிஞ்சதையே காட்டு."

ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் துருப்பிடித்த பெயிண்ட் டின் ஒன்றில் மிளகாய்ச் செடி ஒன்று நிற்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. புகை முகத்தில் அடிக்கும். சிமென்ட் தரை கொதிக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட ஆளில்லை. ஆனாலும் வஞ்சனையில்லாமல் தழைத்துக் கிடக்கும். கார் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து, 'நமக்கு வாய்த்தது இப்படி இல்லையே' என்று பெருமூச்சு விடுவாள்.

ஓடினாள். பின்னாலேயே மெக்கானிக்கும் ஓடி வந்தான்.

"மேடம், அந்த டின்ன மட்டும் எடுக்காதீங்க மேடம்!"

"ஏன், உங்களுதா?"

"ஆமா... இல்ல மேடம். அது பாட்டுக்கு அங்கயே இருக்கட்டுமே."

நேர்மையான மனுஷன், காட்டிக் கொடுத்துவிடுவான் என்று அவளுக்குப் பகீரென்றது. பேரத்தில் இறங்கினாள். "இதோ பாருங்க, அடுத்த வருஷ ஏசி கான்ட்ராக்ட் உங்களுக்கே வர்ற மாதிரி டைரக்டர்கிட்ட பேசறேன்."

"எனக்கு ஒண்ணும் வேணாம் மேடம். நான் எதையும் பாக்கல. நீங்களும் எதையும் கேக்காதீங்க."

இவ்வளவு மலிவாக ஒரு பேரம் படிந்து அவள் பார்த்ததில்லை. கணவன் கூட இருந்திருந்தால் அந்த இடத்திலேயே சந்தேகப்பட்டிருப்பான்.

டின்னிலிருந்த செடியைத் தாய்மண்ணோடு பெயர்த்து, சேற்றைக் கொட்டித் துடைத்த சட்டியில் இறக்கி, அவள் கைகழுவவும் டைரக்டரோடு குழு உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

குழுத்தலைவி தடித்த கண்ணாடி போட்ட அம்மாள். யாரையும் நம்புகிற பழக்கம் இல்லாதவர். விரலை மண்ணுக்குள் விட்டார். தூசி பறந்தது.

"நெஜமாவே தண்ணி விடலையா?"

"சொட்டுக்கூட விடலீங்கம்மா" என்றாள் மேடம். இந்தச் செடியைப் பொறுத்தவரை அது சத்தியமான வார்த்தை.

"ஏசிய நிறுத்தி ஹீட்டரை முழுசா வைங்க. நான் பாக்கணும்."

அறை கொதித்தது. டைரக்டர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். குழுவில் ஒருவர் நாற்காலியைத் தேடினார், இன்னொருவர் கதவைத் தேடினார். வாடாமல் நின்றது செடி ஒன்றுதான்.

"அடேயப்பா!" என்று குழுத்தலைவி கை தட்டினார். "நிதிய நிறுத்தணும்னு முடிவு பண்ணிட்டுதான் வந்தேன். இப்ப இரட்டிப்பாக் குடுக்கலாம்போல இருக்கு. ஒரு இலையக் கிள்ளுங்க, மரபணு இருக்கான்னு என் கண்ணு முன்னால சோதிச்சுக் காட்டிடுங்க."

மேடம் அவசரமாகக் குறுக்கே விழுந்தாள். "சோதனை மெஷின் ரிப்பேருங்கம்மா."

"நல்லாத்தானே ஓடுது! காலையில நானே ஓட்டினேன்" என்றார் டைரக்டர், உதவி செய்கிற உற்சாகத்தில்.

வாசல் பக்கம் நழுவிப் போய் மீண்டும் போன்.

"சாப்பிடக் கூட்டிட்டுப் போ" என்றான் கணவன். "வயிறு நெறைஞ்ச ஆளு துணிய அளந்து பாக்க மாட்டான்."

டைரக்டரே இலையைக் கிள்ளி மெஷினில் ஏற்றியதும் கூட்டிப்போனாள். மற்றவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுக் கண் செருகினார்கள். குழுத்தலைவி ஒரு வாழைப்பழத்தோடு எழுந்து, முடிவு வரும் மெஷின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. வேலைதான் போகப்போகிறது, பெயராவது மிஞ்சட்டும் என்று மேடம் பக்கத்தில் போனாள். "அம்மா, நான் ஒரு உண்மையச் சொல்லிடறேன். இந்தச் செடி..."

"அட, அப்புறம் சொல்லும்மா! இங்க பாரு!"

திரையில் இரண்டு வரிசைகள் இருந்தன. சாதாரண மிளகாயின் வரிசை வெறுமையாகக் கிடந்தது. அவள் சட்டியிலிருந்த செடியின் வரிசையில் ஒரு கோடு, இருக்க வேண்டிய இடத்தில், இம்மி பிசகாமல், பளீரென்று எரிந்தது.

பாலைவனப் புதரின் மரபணு. ஊரில் வேறு எந்த மிளகாயிலும் இருக்க முடியாத மரபணு.

டைரக்டர் துள்ளினார். குழுத்தலைவி அவளைக் கட்டிக்கொண்டு, "இரட்டிப்பு!" என்றார். யாரோ படம் எடுத்தார்கள். மேடம் எல்லாப் படத்திலும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றாள். பெயிண்ட் டின்னில் தானாக முளைத்த செடிக்குள் நாலு வருஷமாகத் தான் ஏற்றிய மரபணு எப்படிப் போய் உட்கார்ந்தது? சோதனை தப்பா? புத்தி பேதலித்துவிட்டதா?

கூட்டம் கலைந்ததும் மெக்கானிக் கருவிப் பையை மார்போடு அணைத்தபடி அவள் பக்கத்தில் வந்தான். நெற்றியெல்லாம் வேர்வை.

"மேடம், டைரக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, புள்ளகுட்டிக்காரன்... போன வருஷம் ஏணி விழுந்து ஒடிஞ்ச உங்க செடிய அந்த டின்ல சொருகிட்டு, நர்சரியில ஒரு மிளகாய்ச் செடி வாங்கிச் சட்டியில நட்டு வச்சேனே, அத எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"