கரையில் நின்று கூப்பிட்ட பெயர்

முல்லைத்தீவு.

லண்டன் குளிரோடு மல்லுக்கட்டும் அன்புள்ள ஸ்ரனிஸ்லஸ் மாமாவுக்கு மருமகன் டிலக்ஸன் எழுதுவது. அந்தோனியார் புண்ணியத்தில் இங்கே மனிதரும் நாய்களும் சுகம். அங்கும் அப்படியே இருக்க மன்றாடுகிறோம்.

கிறேஸ் அக்காவின் மகனுக்கு வரும் ஞாயிறு ஞானஸ்நானம். நீங்கள் அனுப்பிய 'கீத்' என்ற பெயர் கிடைத்தது. ஸ்கொட்லாந்துப் பெயர், காடு என்று பொருளாம். வன்னியில் இருப்பவனுக்குக் காட்டை ஏற்றுமதி செய்கிறீர்களே, மாமா! இருந்த காட்டுக்கும் அரசாங்கம் எல்லைக்கல் நட்டு எங்களை வெளியே நிறுத்தியிருக்கிறது. பிள்ளையின் பெயரிலாவது கொஞ்சம் மிஞ்சட்டும் என்று நினைத்தீர்களாக்கும். என் பெயரும் நீங்கள் தந்ததுதான். அதற்கு எந்த நாட்டிலும் பொருள் கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன்.

பொருளை விடுங்கள். நம் வீட்டு வழக்கம் மறந்திருக்காது: கோயிலுக்குக் கொண்டுபோக முன் பெயரைக் கரையில் நின்று கூப்பிட வேண்டும், படகில் இருப்பவன் திரும்பினால்தான் அது பெயர். நேற்று அம்மா "கீத்!" என்றா. காற்று தின்றுவிட்டது. படகில் இருந்த பிள்ளையின் தகப்பன் சுமன் அத்தான் வலையிலிருந்து தலை தூக்கவில்லை. கரைக்கு வந்தபிறகு, "தும்மினனீங்களோ மாமி?" எண்டு கேட்டார். அம்மா விடேல்லை, உங்கட அப்பாவின்ர பெயரைக் கூப்பிட்டா. "இன்னாசித்தம்பீ!" கண்ணுக்குத் தெரிஞ்ச படகெல்லாம் திரும்பிச்சுது. அந்தப் பெயரில இப்ப கடலில ஒருத்தரும் இல்லை, மாமா. இருந்து காணாமல் போன ஆக்கள் எங்கையெண்டு கேட்டு நாங்கள் இன்னும் தெருவில நிக்கிறம்.

நீங்கள் சின்னனில சோத்துக்கு வராமல் நீந்திக்கொண்டு நிக்க, அம்மா "ஸ்ரனிஸ்லஸ்!" எண்டு கூப்பிட்டால் பக்கத்து ஊர்ப் பெடியளும் சோத்துக்கோப்பையோட வந்து குந்துவாங்களாம். இப்ப அங்க உங்களை 'ஸ்ரான்' எண்டு கூப்பிடுறாங்களாமே? அரைவாசிப் பெயரோட எப்பிடி இருக்கிறியள்?

ஆகவே பிள்ளை இன்னாசித்தம்பிதான். "மாமா கோவிச்சால் பிறகு கதைக்கவே மாட்டாரடா" எண்டு அக்கா அழுறா. கோவிக்கிறதெண்டால் நேரில வந்து கோவியுங்கோ.

மாமிக்கும் மச்சாள்மாருக்கும் மாதாவின் காவலும் எங்கள் விசாரிப்பும் சேரட்டும்.

மருமகன்,
டிலக்ஸன்

பி.கு.: கடிதத்தை ஒட்ட முன் அம்மா திரும்பக் கரைக்குப் போனா. "தம்பி ஆசைப்பட்டுத் தந்த பேரடா" எண்டுபோட்டு, "கீத்தோஓஓய்!" எண்டு ஒரு இழுவை. அத்தான் எழும்பிக் கையையும் காட்டினார். பிள்ளை கீத்தேதான். பிறகு அம்மா உங்கட பெயரையும் ஒருக்காக் கூப்பிட்டா, முழுசா. கனநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நிண்டா.