விசிலை நிறுத்திய விசில்

கம்பெனிச் சுவரில் மாட்டியிருக்கும் பலகையைப் படிப்பவர்கள் நாட்டில் சிலர் இருக்கலாம். படித்துவிட்டு அதை அப்படியே நம்பியும் தொலைத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். அவருக்குப் பெயர் ஒன்று உண்டு. டைம் ஆபீசில் உட்கார்ந்து வருகைப் பதிவு பார்த்த எனக்கே பதிவேட்டைப் புரட்டினால்தான் அது ஞாபகம் வரும். எங்கள் எல்லோருக்கும் அவர் 'விசில்'.

நூல் மில்லுக்குள் போயிருக்கிறீர்களா? நீளமான ஷெட். வரிசை வரிசையாக மிஷின்கள். அத்தனையும் சேர்ந்து இரைந்தால், பக்கத்தில் நிற்பவர் தும்முவதைக்கூடக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இரைச்சலுக்கும் மேலே ஏறிப் பறக்கும், இரண்டு விரலை வாயில் வைத்து எங்கள் ஆள் அடிக்கும் விசில்! ஒரு நீளம் என்றால் 'இங்கே வா'. இரண்டு குட்டை என்றால் 'உன் மிஷினில் இழை அறுந்து கிடக்கிறது, கண்ணு எங்கே இருக்கு?' ஒரு குட்டை, ஒரு நீளம், கடைசியில் ஒரு சுழி போட்டால் அது எனக்கு: 'டீ வந்திருச்சு.' வாசலில் நின்று அவர் ஊதினால், கிளம்பிப் போன மில் பஸ் ரிவர்ஸில் வரும். சத்தியமாகப் பார்த்திருக்கிறேன்.

இப்படி ஓகோவென்று போய்க்கொண்டிருந்தபோதுதான் பலகை வந்தது. 'எங்கள் நிறுவனத்தின் மதிப்புகள்' என்று தலைப்பு. கண்ணாடிச் சட்டம். ஐந்து வரிகள். மூன்றாவது வரி: 'சக பணியாளர்களிடம் மரியாதையுடன் உரையாடுவோம்.' பயிற்சி கொடுக்க வந்த இளம் அதிகாரி எங்களை கேன்டீனில் உட்காரவைத்து வாசித்துக் காட்டிவிட்டு, "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு எவனும் கை தூக்கக் கூடாது என்பது மில் தோன்றிய நாள் முதல் சட்டம்.

விசில் கை தூக்கினார்.

"சார், விசிலடிக்கிறது உரையாடல்ல சேருமா?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "வந்து... சேராதுங்க."

"சக பணியாளர்னா மிஷின் பாக்குற பொம்பளையாளுகளும் சேத்தியா?"

"எல்லாரும்தாங்க."

விசில் தன் இரண்டு விரல்களையும் சட்டையில் துடைத்துக்கொண்டார். அன்றோடு சரி.

மறுநாள் காலை ஏழாம் நம்பர் மிஷினில் இழை அறுந்தது. அதைப் பார்ப்பவர் செல்லமணி அக்கா. ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விசில் நடந்தார். அக்காவுக்கு எதிரே போய் நின்று, பஞ்சுத்தூசிக்காகக் கட்டியிருந்த முகத்துணியை இறக்கினார். அந்த இரைச்சலில் மரியாதையையும் தொண்டை கிழியக் கத்தித்தான் கொடுக்க முடியும்.

"அம்மா செல்லமணி! உங்க மிஷின்ல இழை அத்துருச்சுங்க! செத்த பாக்குறீங்களா!"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் என்ன தப்புப் பண்ணேன்ணே? வேலையை விட்டு எடுக்கப் போறாகளா? நேத்து வரைக்கும் நல்லாத்தானே விசிலடிச்சீக?"

கேன்டீன் அவரைப் பிடித்துக்கொண்டது. "என்னண்ணே, வாயத் தொறந்தா ஒரே 'ங்க'வா கொட்டுது? ஒட்டன்சத்திரம் பக்கம் கொங்குப் பேச்சுக்காரக வீட்டுல சம்பந்தம் பேசுறீகளா?" அவர் அசையவில்லை. நேற்றுவரை 'தம்பி'யாக இருந்த நான் 'தம்பிங்க' ஆனேன்.

இதில் பெரிய கூத்து, மிஷின் ரிப்பேர் பார்க்கும் ஃபிட்டரோடுதான். இரண்டு பேருக்கும் ஜென்மப் பகை. பகையை விடச் சொல்லிப் பலகையில் எழுதவில்லையே! அதனால் மரியாதையோடு சண்டை போட்டார்.

"ஐயா ஃபிட்டர் அவர்களே, மூளையை வீட்டுல வச்சுப் பூட்டிட்டு வந்துட்டீங்களா? நம்ம திண்டுக்கல் பூட்டு, லேசுல தொறக்காதுங்களே!"

"ஏலே, திட்டுறியா கும்பிடுறியா? ஒண்ணைச் சொல்லிட்டுச் செய்யி!"

சிரிப்பெல்லாம் சரி. ஆனால் ஒரு விசிலில் முடிகிற வேலைக்கு ஒரு நடை நடந்தால் என்ன ஆகும்? உற்பத்தி இறங்கியது. மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"நடக்குறதுக்காய்யா உன்னைய வச்சிருக்கு? ஒரு வாரம் பாப்பேன். பழையபடி விசிலடி. இல்ல, கழிவுப் பஞ்சு குடோனுக்குப் போயிரு."

"பலகையைக் கழட்டிருங்க சார். அடுத்த நிமிஷம் ஊதுறேன்."

தலைமை அலுவலகம் மாட்டிய பலகை. கழற்ற மேனேஜருக்கு அதிகாரம் கிடையாது!

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நூத்துக்கணக்கான தடவை ஊதின வாய். இன்னும் நாலு ஊது ஊதுனா என்ன? அந்தக் குடோன்ல பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கெடையாதுண்ணே."

"தெரியாம ஊதுனது வேறங்க தம்பி. இப்ப எழுதிப் போட்டாக, நானும் படிச்சுட்டேன். படிக்காத மாதிரி இனி எப்படிங்க ஊதுறது?"

நாலாம் நாள். ஏழாம் நம்பரில் காலையிலிருந்து ஆறாவது தடவை இழை அறுந்தது. ஆறாவது தடவை நடந்தார்.

"அம்மா, ஒடம்புக்கு ஏதும் முடியலைங்களா?"

"எனக்கில்லண்ணே, மிஷினுக்குத்தான் முடியல. மேல உள்ள ரப்பர் உருளை தேஞ்சு போச்சு. மூணு மாசமா ஃபிட்டர்கிட்டச் சொல்றேன். சூப்பர்வைசர் வந்து சொல்லட்டும்கிறாரு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லங்க?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "விசிலுக்கு எப்படிண்ணே பதில் சொல்றது?"

அன்று கேன்டீனில் அவர் டீயைக் குடிக்கவில்லை. ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து நேரே ஃபிட்டரிடம் போனார். இந்தத் தடவை சண்டை இல்லை, உருளை மாறியது. அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் வாய் திறந்துகொண்டது. "அண்ணே, இங்க வாங்க", "அண்ணே, இதையும் எழுதிக்கங்க" என்று அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னார்கள். சட்டைப்பை நோட்டு நிரம்பியது. ஒவ்வொன்றாகச் சரிசெய்யச் செய்ய இழை அறுவதே குறைந்தது. அறுந்தால்தானே நடக்க? இறங்கிய உற்பத்தியும் ஏற ஆரம்பித்தது.

வாரக் கடைசியில் மேனேஜர் ஷெட் வாசலில் வந்து நின்றார். "ஏய், விசில்!" என்று கத்தினார். அந்தக் கோடியில் நின்றவர் திரும்பவில்லை. மேனேஜர் கை தட்டினார். ஊகூம். அத்தனை பெண்களும் பார்க்க, மேனேஜர் முழு ஷெட்டையும் நடந்தே கடந்தார். போய்ச் சேரும்போது மூச்சு வாங்கியது.

"கூப்பிட்டா திரும்ப மாட்டியாய்யா?"

"மிஷின் சத்தத்துல கேக்கலைங்க சார். இப்ப பக்கத்துல வந்துட்டீங்கள்ல, சொல்லுங்க."

கேட்டதா, கேட்கவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் செல்லமணி அக்கா குறுக்கே வந்தார். "சார், வந்ததுதான் வந்தீக, இந்த ஃபேனைக் கொஞ்சம் பாருங்க." மேனேஜர் அண்ணாந்து பார்த்தார். அப்புறம் அடுத்த மிஷினையும் பார்த்தார். குடோன் பேச்சு அன்றைக்கு வரவில்லை, பிறகும் வரவில்லை.

நான் அந்த மில்லை விட்டு வந்து கொஞ்ச காலமாகிறது. போன மாதம் வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி உறும ஆரம்பித்தது. அந்தக் கோடியிலிருந்து ஒரு ஆள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பூக்கூடைகளைத் தாண்டி ஓடிவருகிறார். விசில்! ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தார்.

"நல்லாருக்கீங்களா தம்பி? சும்மா, கேட்டுட்டுப் போகலாம்னுதாங்க."

"ஏண்ணே இப்படி ஓடி வரணும்? அங்கருந்தே ஒரு விசிலடிச்சா நான் எறங்கி வந்திருப்பேன்ல?"

"அட, உங்களுக்குப் போயி விசிலாங்க?"

கண்டக்டர் விசிலடித்தார். பஸ் கிளம்பியது. நான் இறங்கி நின்றுகொண்டிருந்தேன்.