தியாகி வண்டி டேனரிக்குத் திரும்பியது

"மேஸ்திரி, குழியில ஊறுற தோலை இன்னிக்கு யாரு எடுக்கிறது?"

வாட்ச்மேன் சத்தார் கேட்டதும், சட்டையில் கொடி குத்திக்கொண்டிருந்த ராஜவேலுவின் விரலில் குண்டூசி ஏறியது.

சுண்ணாம்புக் குழி! இன்றைக்கு எடுக்காவிட்டால் ஆட்டுத்தோல் அத்தனையும் கூழ். ஆனால் சுதந்திரம் வந்து பத்து வருஷம் கழித்து, ஆம்பூரில் இன்றுதான் முதல் 'ஊர்த் தியாகிகள் தினம்'. நாற்பத்திரண்டில் ஜெயிலுக்குப் போய் நாட்டுக்கு அஸ்திவாரம் போட்டும், எந்தப் புத்தகத்திலும் பேர் வராத உள்ளூர்க்காரர்களுக்கு விழா. அந்த உற்சாகத்தில் தோல் பதனிடும் டேனரி முழுக்க லீவு விட்டது மேஸ்திரி ராஜவேலுவேதான்.

"முதலாளி சாயங்கால ரயில்ல வர்றாரு. தோல் போச்சுன்னா உங்க வேலையும் போச்சு," என்றார் சத்தார்.

ராஜவேலு பறந்தார்.

கடைத்தெருவில் பேண்டு முழங்க ஊர்வலம். பூ ஜோடித்த மாட்டுவண்டியில், உயிரோடு மிஞ்சிய ஒரே தியாகி தனகோடி கும்பிட்டபடி வந்தார். முன்னால் கொடி பிடித்தவன் குழித் தொழிலாளி கிருஷ்ணராஜ்.

"டேய், நம்ம ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வாடா. தோல் எடுக்கணும்!"

"இன்னா மேஸ்திரி, லீவு குடுத்ததே நீங்கதானே? தேசபக்தி கம்மியாயிடுச்சா?"

ராஜவேலு குரலைத் தாழ்த்தினார். "டேனரியில பிரியாணிடா. நம்ம ஆளுங்களுக்கு மட்டும்."

கிருஷ்ணராஜ் பக்கத்தில் இருந்தவன் காதில் சொன்னான். அவன் பேண்டுக்காரனிடம் சொன்னான். அவ்வளவுதான். பேண்டு திரும்பியது. வண்டி திரும்பியது. ஊரே திரும்பியது!

டேனரி வாசலில் விழாத் தலைவர் அப்துல் ஹமீத் மூக்கைப் பொத்திக்கொண்டார். "வாசனை வேற மாதிரி இருக்கே! பிரியாணி எங்கேய்யா?"

சத்தாரைச் சைக்கிளில் பிரியாணிக் கடைக்கு விரட்டிவிட்டு, ராஜவேலு பீப்பாய் மேல் ஏறினார். இனி எதைச் சொன்னாலும் ஒன்றுதான்.

"பெரியோர்களே! மாலை போட்டா மட்டும் போதுமா? உழைச்சுக் காட்டணும்! முதல் தோலை நம்ம தியாகி அய்யாவே எடுத்துத் துவக்கி வைப்பாரு!"

விசில் பறந்தது. குழியை எட்டிப் பார்த்த தனகோடி வண்டிக்கே ஓடப் பார்த்தார்.

"இன்னா அடக்கம், இன்னா அடக்கம்!" என்று கூட்டம் அவரை அலாக்காகத் தூக்கி வந்து கையில் இடுக்கியைத் திணித்தது.

முதல் தோல் மேலே வந்ததும் 'ஜே!' கோஷம். அப்புறம் யாரைத் தடுப்பது? கிருஷ்ணராஜ் பாய்ந்தான், பேண்டுக்காரர்கள் பாய்ந்தார்கள், அப்துல் ஹமீதே ஷெர்வானியைச் சுருட்டிக்கொண்டு இழுத்தார். தியாகி நழுவப் பார்த்தபோதெல்லாம் இன்னொரு ஜே, இன்னொரு தோல். சத்தார் பிரியாணி அண்டாவோடு வந்தபோது குழி காலி.

ராஜவேலு தியாகியின் காலில் விழுந்தார். "அய்யா! அன்னிக்கு நாட்டுக்காக ஊர்வலம் போய் ஜெயிலுக்குப் போனீங்க. இன்னிக்கு எனக்காக இந்தக் குழிக்கே வந்துட்டீங்க!"

முழங்கை வரை அப்பியிருந்த சுண்ணாம்பைப் பார்த்து தனகோடி பெருமூச்சு விட்டார்.

"அட போப்பா! அன்னிக்கு இதே குழி வேலைக்கு டிமிக்கி குடுக்கத்தான் நான் அந்த ஊர்வலத்துக்குள்ளயே பூந்தேன்!"