மண்டபத்துச் சாப்பாடும் ஒரு போலீஸ் கேஸும்

ஆலங்குடியைச் சுற்றி மறியல் அண்ணன் உட்காராத சாலை கிடையாது. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார்; ஆனால் கடையில் இருந்ததைவிடப் போலீஸ் வேனில் இருந்ததுதான் அதிகம். பஸ் வரவில்லையா, தண்ணீர் வரவில்லையா, நடுரோட்டில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பார். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ஸ்டேஷனில் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் பக்கம் மறியல் செய்பவர்களைக் கைது செய்து, ஏதாவது கல்யாண மண்டபத்தில் வைத்து, மத்தியானச் சாப்பாடு போட்டு, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். அண்ணன் வேனில் ஏறுமுன் எந்த மண்டபம் என்று விசாரிப்பார். "அங்க ஃபேன் ஓடாது சார், அடுத்த வேன்ல வாரேன்" என்று ஒதுங்கிக்கொள்வார். கைதானவர் பட்டியலில் தன் பெயர் விட்டுப்போனால் சண்டைக்கே போய்விடுவார்.

நான் கல்லூரியில் படித்தபோது எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேட்டு ஒரு மறியல். வேடிக்கை பார்க்கப் போன என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து, "வா தம்பி, சாம்பார் சாதம் சாப்ட்டுட்டு சாயங்காலம் வந்துரலாம்" என்று வேனில் ஏற்றிவிட்டார். பெயர் கேட்டார்கள், சொன்னேன். அப்பளம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அதோடு மறந்தும் போனேன்.

நாலைந்து வருஷம் கழித்து, மத்திய அரசில் பாதுகாப்புத் துறை சார்ந்த ஒரு வேலைக்குத் தேர்வானேன். போலீஸ் விசாரணைக்கான ஃபாரத்தில் ஒரு கேள்வி: எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா?

"மண்டபத்துல சாப்ட்டதெல்லாம் ஒரு கேஸா? இல்லைன்னு போடு" என்றார் அம்மா. எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது.

எப்படியோ சேதி தெரிந்து, அண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஸ்டேஷன்ல கேட்டுட்டுத்தான் வாரேன். எஃப்.ஐ.ஆர்.ல ஒம் பேரு இருக்கு. ஆமான்னு எழுது. சின்னக் கேஸுன்னா விட்டாலும் விடுவாங்க. மறைச்சா விடவே மாட்டாங்க!"

"எம்புள்ள வேலையில மண்ணள்ளிப் போடத்தான் அன்னிக்கு இழுத்துட்டுப் போனீங்களா?" என்று அம்மா பிடித்துக்கொண்டார். மறுநாளே அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு என்னைப் புதுக்கோட்டை கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார். கேஸ் கைவிடப்பட்ட உத்தரவின் நகலுக்கு ஒன்பது நடை நடந்தோம். ஃபாரத்தில் "ஆமாம்" என்று எழுதி, நகலையும் சேர்த்து அனுப்பினேன்.

தெருவில் விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், யாரும் கேட்காமலே அண்ணன் சாட்சி சொன்னார்: "சார், இவன் ரோட்டுல உக்காந்ததே அஞ்சு நிமிஷம். அதுவும் கர்ச்சீப்ப விரிச்சுப் போட்டு. இவனா நாட்டுக்குக் கெடுதல் பண்ணப் போறான்?" போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

மூன்று மாதம் கழித்து வேலைக்கான ஆர்டர் வந்தது. லட்டு வாங்கிக்கொண்டு அண்ணன் கடைக்குப் போனேன்.

"இந்த ரூலெல்லாம் ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

கம்பியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "எனக்கும் ஒரு ஆர்டர் வரவேண்டியது தம்பி. நான் இல்லைன்னு எழுதிட்டேன்."

ஒரு லட்டை எடுத்து அவர் வாயில் ஊட்டிவிட்டு, அவர் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.