சந்தனம் பூசிய லேப்டாப்

நாலாவது முறையும் பட்டனை அமுக்கிப் பார்த்தான் பன்னீர்செல்வம். லேப்டாப் கண்ணைத் திறக்கவில்லை. காலையில் அவன் அப்பிய சந்தனம் கீபோர்டு இடுக்கெல்லாம் வழிந்து காய்ந்திருந்தது.

ஆயுத பூஜை வந்தால் அவனுக்குக் கை நிற்காது. தன் லோடு வண்டியில் ஆரம்பித்து மிக்சி வரைக்கும் பொட்டு. மனைவி தமிழ்ச்செல்வியின் லேப்டாப்புக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக. சிறுசேரி ஐ.டி. கம்பெனி வேலை அதில்தானே ஓடுகிறது!

நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவள் தன் ஆறு மாத உழைப்பை வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். அவர்கள் தலையாட்டினால் பதவி உயர்வு. எல்லாம் அந்த லேப்டாப்புக்குள் இருக்கிறது. அவளோ மதுராந்தகத்திலுள்ள தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள்; ஆறு மணிக்குள் வந்துவிடுவாள்.

"ஐயோ, கொன்னுட்டேனே!"

"இன்னாத்த கொன்னீங்க மாப்ள?" கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த மாமியார் சகுந்தலா கேட்டாள்.

"கரப்பான்பூச்சி அத்தே."

கதவை ஒருக்களித்துவிட்டு, செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டான். அதில் சொன்னபடியே பத்து ஸ்க்ரூவையும் கழற்றி, தாளில் படம் வரைந்து, அதனதன் இடத்தில் வைத்தான். பழைய ஏ.டி.எம். கார்டைச் செருகி அடிமூடியை நோகாமல் எடுத்தான். பேட்டரி வயரை உருவினான். பிரசவம் பார்க்கிற நர்சம்மாவுக்குக்கூட அவ்வளவு பதம் வராது.

ஈரத் துணியால் சந்தனத்தைத் துடைத்தான். ஈரம் காயட்டும் என்று ஃபேனைப் போட்டான். தாள் பறந்தது. பத்து ஸ்க்ரூவும் கட்டிலுக்கு அடியில்.

"இன்னா மாப்ள, உருட்டிகினு கீறீங்க?"

"கரப்பான்பூச்சி அத்தே."

"இன்னுமா சாவல அது?"

துணியின் நூல் ஒன்று உள்ளே சிக்கியிருந்தது. இழுத்தான். நூலோடு பட்டை வயரும் கிழிந்து வந்தது. அவனுக்கு அழுகை முட்டியது.

முகம் துடைக்கத் துண்டு தேடி பீரோவைத் திறந்தவன் அப்படியே நின்றான். புடவைகளுக்கு அடியில் அச்சு அசலாக இன்னொரு லேப்டாப்! போன வருஷ பூஜையில் அவன் தேங்காய்த் தண்ணீர் தெளித்ததில் செத்துப்போனதே, அது. அதே மாதிரிதான் அவள் புதியதையும் வாங்கினாள். கடவுள் இருக்கிறார்.

செத்ததற்கு என்ன மரியாதை? காய்கறிக் கத்தியைச் செருகி நெம்பினான். மூடி இரண்டாகப் பிளந்தது. பட்டை வயரைப் பிடித்து இழுத்தான். உள்ளிருந்த பச்சை சர்க்யூட் அட்டையின் ஒரு மூலையும் உடைந்து கூடவே வந்தது. பிணத்துக்கு வலிக்கவா போகிறது! வயரை முதல் லேப்டாப்பில் பொருத்தி, பேட்டரியை மாட்டி, சாமியைக் கும்பிட்டு அமுக்கினான்.

ஒன்றுமில்லை.

மணி ஐந்தே முக்கால். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அத்தே, பூஜையில வெச்ச லேப்டாப்ப நாசம் பண்ணிட்டேன். நாளைக்கு அவ வேலையே போச்சு. எந்த மூஞ்சிய வெச்சுகினு அவளப் பாப்பேன்?"

கூடத்திலிருந்து சிரிப்புதான் வந்தது.

"அட, இதுக்கா அழுவுறீங்க? நீங்க சந்தனத்த அப்புவீங்கன்னு தெரிஞ்சுதான் மாப்ள, செத்துப்போனத பூஜையில வெச்சிட்டு, நல்லத பீரோல பொடவைக்கு அடியில பத்திரமா வெச்சிட்டுப் போயிருக்கா எம் பொண்ணு!"