பதினோரு வடையும் நாலு வாத்தியமும்

சேத்தியாத்தோப்பு மச்சான் சங்கரலிங்கம் அவர்கள் சமூகத்திற்கு, மந்தாரக்குப்பம் கொளஞ்சியப்பன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், தங்கள் தங்கை ருக்குமணியும், குழந்தை தமிழ்நிலாவும் சுகம். அவ்விடம் தாங்களும் செல்லக்கிளி அக்காவும் சுகமா? சினையா இருந்த மாடு கன்னு போட்டுச்சா? கெடேரியா, காளையா?

என் நம்பரைப் பாத்தாலே நீங்க போனைக் கட் பண்ணிடுறதால இந்தக் கடுதாசி. எனக்குத்தான் எழுத்து வாசனை கெடையாதே, நான் சொல்லச் சொல்ல ருக்குமணி எழுதிக்கினு இருக்கா. வர்ற ஞாயித்துக்கிழமை தமிழ்நிலாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நீங்க வர்லன்னா புள்ளைய யாரு மடியில உக்கார வெப்பேன்? உரல் மேலயா?

உரல்னதும் நெனப்பு வருது. போன மாசக் கச்சேரிக்கு அந்த நாலு வெள்ளக்காரங்க வாத்தியம் கொண்டாந்தாங்களே, ரெண்டு பிடிலு, பிடிலுக்கு அண்ணன் ஒன்னு, அப்புறம் ஆளு ஒசரத்துக்கு ஒன்னு. அதை அவங்கள்ல ஒரு அம்மா முட்டிக்கு நடுவுல இடுக்கிக்கினு உக்காந்தப்ப, மாவாட்டத்தான் போறாங்கன்னு நெனச்சேன் மச்சான். நான் கெட்ட எண்ணத்துல செய்யல. டவுன்ஷிப்புல பிடிலு சொல்லிக்குடுக்கிற ஜானகியம்மாதான் அவங்கள டீக்கடைக்குக் கூட்டியாந்து, "கொளஞ்சி, இவங்க ஊர்ல பெரிய வித்வானுங்களே நாத்து நடுறவங்க, மாடு மேய்க்கிறவங்க பாட்டை எடுத்து நாலு வாத்தியத்துக்குப் பிரிச்சுக் குடுப்பாங்க. உங்க பாட்டு ஒன்னு குடேன்"னாங்க. அந்த நேரம் பாத்து வாயில வந்தது, என் கல்யாணப் பந்தியில உங்க மடியில வடை இருந்ததப் பாத்துட்டு எங்கூட்டுப் பொம்பளைங்க உங்களைக் கேலி பண்ணுன நலங்குப் பாட்டு:

மடியில என்ன மச்சான் முட்டிக்கினு நிக்குது?
பதினோரு வடை மச்சான் பந்தியத் தேடுது!

கடைசி ரெண்டு அடியப் பாடுறதுக்குள்ள சுரங்கத்து ஷிஃப்ட் பஸ் வந்துடுச்சு, ஓடிட்டேன். மெட்டுதானே வேணும், போதும்னு இருந்துட்டேன்.

கச்சேரிக்கு உங்களை மொத வரிசையில உக்கார வெச்சதும் மரியாதைக்குத்தான். வாசிக்கிறவங்களுக்கு வார்த்தை தெரியாது, நம்ம சனத்துக்குத் தெரியுமே! மொத பிடிலு 'மடியில என்ன'ன்னு கேட்டுது. ரெண்டாவது பிடிலும் அதையே கேட்டுது. அண்ணன் பிடிலு தொண்டை கட்டுன கொரல்ல கேட்டுது. ஒருத்தர் கேட்டு முடிக்கிறதுக்குள்ள இன்னொருத்தர், பஞ்சாயத்துல குறுக்கால பேசுறாப்ல. அப்புறம் அந்தப் பெருசு 'பதி... னோ... ரு...'ன்னு இழுத்துது பாருங்க, பின்னாலேர்ந்து எந்தங்கச்சி கலியம்மா எழுந்து, "வடைய வெளிய எடுங்க மச்சான்!"னு கத்திட்டா. நடுவுல மெட்டை மெதுவாக்கி அழுகாச்சியா வேற வாசிச்சாங்க. வடைக்காக என் ஆயுசுல மொத தடவையா அழுதேன். கண்ணைத் தொடச்சிப் பாத்தா உங்க நாற்காலி காலி. துண்டு மட்டும் கெடக்குது. நீங்க பஸ் ஏறிட்டீங்க.

மன்னிச்சிக்குங்க மச்சான். ஊரு முழுக்கச் சொல்லிட்டேன், பதினொன்னு இல்ல, ஒம்போதுதான்னு. இதை எழுத மாட்டேன்னு ருக்குமணி மொறைக்கிறா, எழுதுடின்னு எழுத வெச்சிருக்கேன். இனிமே அந்த மெட்டு என் வூட்டு வாசப்படி ஏறாது. துண்டைத் தொவச்சி மடிச்சி வெச்சிருக்கேன். எம் பேருக்காரச் சாமி கொளஞ்சியப்பர் உங்க மாட்டையும் கன்னையும் காப்பாத்தட்டும். ஞாயித்துக்கிழமை நீங்க வந்து உக்காந்தா, சபையில எல்லாரு முன்னாலயும் ஒரு உண்மைய ஒத்துக்குறேன். அன்னைக்குக் கல்யாணப் பந்தியில அந்த வடைங்கள உங்க மடியில சொருவுனது யாருன்னா...

"யோவ் கொளஞ்சி! ஷிஃப்ட் பஸ் கெளம்புதுய்யா!"

பி.கு.: அண்ணா, இது ருக்குமணி. வெளியிலேர்ந்து யாரோ கூப்புட்டதையும் சேத்தே எழுதிட்டேன், அவரு ஓடிட்டாரு. இதை அவரால படிக்க முடியாது, தைரியமா எழுதுறேன். சொருவுனது அவருதான்னு ஏழு வருசமா நமக்குத் தெரியும்ங்கிறதே அவருக்குத் தெரியாது. நம்ம பக்கத்துல கேலி பாடுனா, புகழ்ந்துதான் முடிக்கணும். 'அந்தக் கடைசி ரெண்டு அடிய வாசிக்கலன்னுதான் கோவிச்சிக்கினு போனேன், வடைக்கு இல்ல'ன்னு நேத்து எனக்குப் போன்ல சொன்னீங்களே, அதையும் அவருகிட்ட சொல்லல. ஞாயிறு வரைக்கும் தவிக்கட்டும். நானே ஜானகியம்மா வூட்டுக்குப் போயி,

வடைக்கு வந்த மச்சான்தான்
வாசல் நெறையச் சீர் வெச்சான்

அப்படின்னு முழுசாப் பாடிக் குடுத்துட்டேன். காதுகுத்துக்கு நாலு பேரும் நம்ம வூட்டுக்கே வந்து வாசிக்கிறாங்க. அண்ணா, இந்த அடியத்தான் அந்தப் பெரிய வாத்தியம் ரொம்ப நேரம் இழுக்கப் போவுதாம். சீர்த்தட்டும் அதுக்குத் தக்கன இருக்கட்டும்.